தீம் பார்க் சுற்றுலாவும் நம் வீட்டுக் கணக்கும்

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் நம் உறுப்பினர், ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அடுத்த ஆண்டு காலாண்டுத் தேர்வு விடுமுறையில் குடும்பங்கள் சேர்ந்து ஒரு தீம் பார்க் போய்வரலாம் என்ற யோசனையை ஒட்டிப் பேசும்படி அவரைக் கேட்டிருந்தோம்.)



நான் பி.காம். படித்தவன். முப்பத்தைந்து வருடம் வங்கிக் கவுண்டரில் மற்றவர்கள் பணத்தை எண்ணிக் கொடுத்தவன். ஆகவே சுற்றுலா பற்றிப் பேசச் சொன்னால் இயற்கைக் காட்சி பற்றிப் பேச எனக்கு வராது. அதற்கு அவசியமும் இல்லை. இயற்கைக் காட்சி பார்க்க ஊர் உலகமே நம்மிடம் வருகிறது. நாம் கீழே இறங்கிப் போய்ப் பார்க்க ஆசைப்படுவது ராட்சத ராட்டினத்தையும் அலைக்குளத்தையும். அதில் தவறொன்றும் இல்லை. அதற்கு எவ்வளவு ஆகும், எதில் குறைக்கலாம், எதில் குறைக்கக் கூடாது, இந்த மூன்றை மட்டும் பேசி முடித்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. 1997-ஆம் வருடம். வங்கி ஊழியர்களுக்கு எல்.எஃப்.சி. என்று ஒரு சலுகை உண்டு; குடும்பத்தோடு போய்வரும் ரயில் செலவை வங்கி கொடுத்துவிடும். மகனுக்குப் பதினொன்று, மகளுக்கு எட்டு. சென்னை போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பூங்காவுக்கு அழைத்துப் போனேன். வாசலில் கட்டணப் பலகையைப் பார்த்ததும் எனக்குள் இருந்த எழுத்தர் விழித்துக்கொண்டார். "உனக்கு ராட்டினம்னா தலை சுத்துமே, நீ எதுக்கு உள்ள?" என்று என் மனைவியிடம் கேட்டேன். அவரும் "ஆமாங்க, நான் இப்படியே இருக்கேன்" என்றார். டிபன் பை, செருப்புகள், மாற்றுத் துணி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு வாசலுக்கு எதிரே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். காலை பத்தரைக்கு உள்ளே போன நாங்கள் சாயந்திரம் ஐந்து மணிக்கு வெளியே வந்தோம். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். பிள்ளைகள் ரயிலேறும் வரை சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

அந்தப் பயணத்தின் கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. டீ, இளநீர், ஆட்டோ எல்லாம் தேதி வாரியாக எழுதியிருக்கிறேன். அந்த நாளுக்குக் கீழே ஒரு வரி: "நுழைவுச் சீட்டு 1 மிச்சம்." அதற்கு அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன்.

சென்ற பொங்கலுக்கு மகள் வந்திருந்தபோது அந்தப் பூங்கா பேச்சு வந்தது. "அம்மா, அந்த அலைக்குளம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். என் மனைவி கோபமே இல்லாமல், "எனக்கெங்க தெரியும்? நான் கேட்டைத்தானே பார்த்தேன்" என்றார். இருபத்தெட்டு வருடம் கழித்து அந்த நோட்டின் கணக்கு தப்பு என்று எனக்குத் தெரிந்தது. இன்று நான் சொல்லப்போவதை இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம்.

சித்திரைப் பொருட்காட்சிக்குப் போயிருக்கிறீர்கள் அல்லவா? அங்கே உள்ளே நுழைய ஒரு சீட்டு, ராட்டினத்துக்கு ஒன்று, மரணக் கிணறுக்கு ஒன்று. ஏறினால் காசு, ஏறாவிட்டால் இல்லை. அமெரிக்காவில் 1955-இல் திறந்த டிஸ்னிலாண்டிலும் முதலில் இப்படித்தான். விளையாட்டுகளுக்குத் தனித்தனிச் சீட்டுப் புத்தகம் வைத்திருந்தார்கள். 1982-இல் அதை விட்டுவிட்டு ஒரே கட்டணத்துக்கு மாறினார்கள். இன்று நம் பக்கத்துப் பெரிய பூங்காக்களும் பெரும்பாலும் ஒரே கட்டணம்தான். வாசலில் கொடுத்துவிட்டால் நாள் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம்.

இதை வணிகவியலில் நிலைச் செலவு என்போம். ஆயிரம் ரூபாய் கொடுத்து உள்ளே போனவர் ஐந்து விளையாட்டு விளையாடினால் ஒன்றுக்கு 200 ரூபாய். பன்னிரண்டு விளையாடினால் ஒன்றுக்கு 83 ரூபாய்தான். ஆகவே தாமதமாகப் போகிறவர் கூடுதல் விலை கொடுக்கிறார் என்று அர்த்தம். கதவு திறக்கும்போதே நிற்க வேண்டும். கூட்டம் சேர்வதற்குள் பெரிய விளையாட்டுகளை முடித்துவிட்டு, வெயில் ஏறியதும் தண்ணீருக்குள் இறங்கிவிட வேண்டும். எல்லோரும் சாப்பிடப் போகும் ஒரு மணிக்கு வரிசை குறையும். நாம் பன்னிரண்டுக்கே சாப்பிட்டுவிட்டால் அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எந்தப் பூங்கா என்று கேட்டீர்கள். நமக்குக் கிட்ட இருப்பது மதுரை, திண்டுக்கல் சாலையில் பரவையில் உள்ள அதிசயம். வத்தலக்குண்டு, நிலக்கோட்டை வழியாகப் போனால் மதுரை ஊருக்குள் நுழைய வேண்டியதே இல்லை. அடுத்தது மேட்டுப்பாளையத்தில், நீலகிரி அடிவாரத்தில் பிளாக் தண்டர். அது பழனி, உடுமலை, பொள்ளாச்சி, கோவை என்று நீண்ட வழி. கொச்சியில் ஒண்டர்லா இருக்கிறது. 2000-இல் வீகாலாண்ட் என்ற பெயரில் தொடங்கியது. சென்னைப் பக்கமும் அதே நிறுவனம் 2025 டிசம்பரில் ஒன்றைத் திறந்திருக்கிறது. கொச்சியும் சென்னையும் நமக்கு இரண்டு மூன்று நாள் வேலை. பூங்கா எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்லது என்று நினைக்காதீர்கள். நம் கூட்டத்தில் பாதிப் பேர் பத்து வயதுக்குக் கீழே. அவர்களுக்குப் பெரிய ரோலர் கோஸ்டர் இருந்தும் பயனில்லை. உயரம் போதாது என்று நிறுத்திவிடுவார்கள். ஏற முடியாத விளையாட்டுக்கும் சேர்த்துக் கட்டணம் கொடுத்துவிட்டு வருவோம்.

உயரம் என்றதும் ஞாபகம் வருகிறது. பல பூங்காக்களில் பிள்ளைகளுக்குக் கட்டணம் வயதை வைத்து அல்ல, உயரத்தை வைத்து. சில பெரிய பூங்காக்களில் 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 140 செ.மீ. வரை குழந்தைக் கட்டணம், அதற்கு மேலே பெரியவர் கட்டணம். வீட்டில் கதவு நிலையில் பிள்ளையை நிற்க வைத்து ஒரு கோடு போடுங்கள். அந்த ஒரு கோடு இரண்டு விஷயம் சொல்லும்: என்ன கட்டணம், எந்த விளையாட்டில் ஏற்றுவார்கள். வாசலில் போய்ப் பிள்ளையைக் குனிய வைக்க வேண்டாம். பிள்ளை அதையும் கற்றுக்கொள்ளும்.

இப்போது செலவுப் பட்டியல். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். நான் சொல்லும் தொகைகள் எந்தப் பூங்காவின் கட்டணமும் அல்ல. கணக்குப் போட வசதிக்காக நானே வைத்துக்கொண்டவை.

பெரியவருக்கு 1000, பிள்ளைக்கு 800 என்றால் நுழைவு 3600. இதன்மேல் ஜி.எஸ்.டி. உண்டு. 2017-இல் தீம் பார்க்குக்கு 28 சதவீதம் வைத்தார்கள். 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைத்தார்கள். 18 சதவீதம் என்றால் 648. ஆக 4248. விளம்பரத்தில் போடும் தொகை வரியைச் சேர்த்ததா, சேர்க்காததா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

36 பேர் சேர்ந்து ஒரு பஸ் பேசி, டிரைவர் பேட்டா, சுங்கம் எல்லாம் உட்பட 36,000 ஆனால் ஆளுக்கு 1000, நால்வருக்கு 4000. இரவு தங்க ஆளுக்கு 300 வீதம் 1200. மதியச் சாப்பாடு 1000. இரவு 500. மறுநாள் காலை டிபன் 300. லாக்கர் வாடகை 200. பிள்ளைகள் கைச்செலவுக்குத் தலைக்கு 200 வீதம் 400. கூட்டிப் பாருங்கள், 11,848 ரூபாய் வருகிறது.

இதில் நுழைவுச் சீட்டு மூன்றில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் பேரம் பேசுவது அந்த ஒரு பங்கில் மட்டும். மீதி இரண்டு பங்கு சத்தமில்லாமல் போய்விடும். ஓர் உதாரணம். தண்ணீர் விளையாட்டுக்கு நைலான், பாலியஸ்டர் உடைதான் அனுமதி. பருத்திச் சேலை, வேட்டி, ஜீன்ஸ் போட்டுக்கொண்டு இறங்க விடமாட்டார்கள். தெரியாமல் போனால் அங்கே உள்ள கடையில் வாங்க வேண்டும். ஆளுக்கு 300 என்றாலும் நால்வருக்கு 1200. கஷ்டப்பட்டு நுழைவுச் சீட்டில் 20 சதவீதத் தள்ளுபடி வாங்கியிருந்தால் கிடைத்திருக்கும் லாபம் 850. தள்ளுபடியும் போச்சு, மேலே 350-ம் போச்சு. வீட்டிலிருந்து ஒரு பையில் நான்கு உடை எடுத்துப் போனால் இந்தச் செலவே இல்லை. துண்டு, போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, தலைக்கு எண்ணெய், வாந்தி மாத்திரை, இவையும் அப்படியே.

வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகப் பெரும்பாலான பூங்காக்களில் விடமாட்டார்கள். கைக்குழந்தை உணவு, மருந்து இவற்றுக்கு விலக்கு உண்டு. ஆகவே புளிச்சோறும் உருளைக்கிழங்கும் வாசலுக்கு வெளியே, காலையிலேயே. வயிறு நிறைய சாப்பிட்டு உடனே ராட்டினம் ஏறாதீர்கள். அந்தச் செலவு வேறு விதமானது.

அடுத்து, எப்போது போவது? இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஏரிக்கரையில் ஒரு அறை மே மாதச் சனிக்கிழமை என்ன விலை, அதே அறை ஜூலை மாதச் செவ்வாய்க்கிழமை என்ன விலை என்று நமக்குத் தெரியும். நம்மில் சிலர் ஜீப் ஓட்டுகிறோம், சிலர் அறை விடுகிறோம். 2024 மே மாதம் இ-பாஸ் வந்த பிறகும் சீசன் சீசன்தான். பூங்காக்காரர்களும் நம்மைப் போல்தான் விலை வைக்கிறார்கள்: வார நாளில் ஒன்று, சனி ஞாயிறில் ஒன்று, பண்டிகை விடுமுறையில் இன்னொன்று. மே மாதம் நாம் சம்பாதிக்கும் நேரம். அப்போது கடையைப் பூட்டிவிட்டுக் கூடுதல் விலை கொடுத்துக் கூட்டத்தில் நிற்பது இரட்டை நஷ்டம். அதனால் என் யோசனை காலாண்டு விடுமுறையில் ஒரு செவ்வாய் அல்லது புதன். ஆயுத பூஜை, காந்தி ஜயந்தி நாட்கள் வேண்டாம்.

தள்ளுபடிகள் பற்றி: குழுவாகப் போனால் பல பூங்காக்கள் குறைத்துக் கொடுக்கும். எத்தனை பேர் வேண்டும் என்பது பூங்காவுக்குப் பூங்கா மாறும். செயலாளர் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதி, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். மாணவர் அடையாள அட்டை, அறுபது வயதுச் சான்று, முன்பதிவு, பிறந்தநாள் என்று தனித்தனிச் சலுகைகள் இருக்கும். பெரும்பாலும் ஏதாவது ஒன்றுதான் செல்லும், இரண்டைச் சேர்க்க முடியாது. எது நமக்கு அதிகம் என்று போட்டுப் பார்த்துக் கேளுங்கள். மழை, உடம்பு சரியில்லை என்றால் தேதி மாற்றித் தருவார்களா என்பதையும் பணம் கட்டும் முன் கேளுங்கள்.

வாட்ஸ்அப்பில் "பாதி விலை டிக்கெட்" என்று ஒரு லிங்க் வரும். அதைத் தொடாதீர்கள். பூங்காவின் சொந்த இணையதளத்திலோ கவுண்டரிலோ மட்டும் பணம் கட்டுங்கள். ஓ.டி.பி. யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நேரம் போகப் போகப் பணம் கை மாறிவிடும்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். இந்த 12,000 ரூபாய் எங்கிருந்து வரும்? வங்கியில் ஆர்.டி. என்கிற தொடர் வைப்பு இருக்கிறது. மாதம் 1000 ரூபாய், 12 மாதம். ஆறரை சதவீத வட்டி என்று வைத்தால் வருடக் கடைசியில் வட்டி சுமார் 420 ரூபாய். "இவ்வளவுதானா?" என்பீர்கள். சரி, சேர்க்காமல் கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு, தவணை தவறினால் என்ன ஆகும்? மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12,000-க்கு ஒரு மாத வட்டி 420 ரூபாய். அதாவது வங்கி ஒரு வருடம் முழுக்கச் சேர்த்து நமக்குத் தருவதை, கார்டு ஒரே மாதத்தில் நம்மிடம் வாங்கிக்கொள்கிறது. நான் பேசப்போகும் அத்தனையும் மறந்தாலும் இந்த ஒரு கணக்கை மறக்காதீர்கள்.

கவுண்டரில் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்கு நகை அடகு வைப்பார்கள், ஆஸ்பத்திரிக்கு வைப்பார்கள். விடுமுறை முடிந்த வாரம் சிலர் தோடு கொண்டு வருவார்கள். எதற்கு என்று நாங்கள் கேட்பதில்லை. கூட வந்த பிள்ளை "நாங்க டூர் போனோம் அங்கிள்" என்று சொல்லிவிடும். பெற்றோர் தரையைப் பார்ப்பார்கள். பூண்டு விலை விழுந்த வருடம் அந்தத் தோட்டைத் திருப்ப முடியாமலும் போகும்.

அஞ்சலக ஆர்.டி. ஐந்து வருடக் கணக்கு. இந்தத் தேவைக்கு அது பொருந்தாது. பதிவு செய்யாத சீட்டில் போடாதீர்கள். மாதாமாதம் காசு வராதவர்கள், பூண்டோ கேரட்டோ விற்ற கையோடு ஒரு தொகையைத் தனியாக எடுத்துப் போட்டுவிடுங்கள். பத்து வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரில் சேமிப்புக் கணக்கு வைத்துத் தானே இயக்கலாம், கிளையில் கேளுங்கள். தன் கைச்செலவு 200 ரூபாயைத் தானே சேர்த்த பிள்ளை பொம்மைக் கடை வாசலில் அழாது. எண்ணிப் பார்க்கும்.

செலவு 11,848, சேர்த்தது 12,000. மிச்சம் 152. வட்டியையும் சேர்த்தால் 570 ரூபாய் சொச்சம். அதைத் தொடாமல் அவசரத்துக்கு வையுங்கள்.

கடைசியாக, எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்று இரண்டு சொல்கிறேன்.

ஒன்று, இரவுத் தங்கல். போன கூட்டத்தில் ஒரு தம்பி, "காலை ஐந்துக்குக் கிளம்பினால் ராத்திரியே திரும்பிவிடலாமே, தலைக்கு 300 மிச்சம்" என்றார். தம்பி சொன்ன கணக்கு சரி. ஆனால் அதிகாலையில் எழுந்து, பகலெல்லாம் வண்டியில் காத்துக் கிடந்த டிரைவர், ராத்திரியில் பெருமாள்மலை ஏறி, கொடைக்கானல் தாண்டி, பூம்பாறை வழியாகப் பனி மூட்டத்தில் நம்மை இங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்குப் போய் அப்படித் திரும்பிய வேனில் நானும் இருந்தேன். ஒரு வளைவில் டிரைவர் கண் அசந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் தோளைத் தட்டியதால் சக்கரம் தடுப்புச் சுவரில் உரசியதோடு நின்றது. வேனில் பதினெட்டுப் பேர். அந்த வேனுக்கு அனுமதி பன்னிரண்டுக்கு. ஏதாவது ஆகியிருந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். ஆகவே வத்தலக்குண்டில் தங்குவோம். ஒரு மண்டபத்தை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, ஜமுக்காளம் விரித்துப் படுப்போம். டிரைவருக்குத் தனியாக ஒரு கட்டில். விடிந்த பிறகு மலை ஏறுவோம்.

இரண்டு, ஆள். "பாட்டி எதற்கு, அவருக்குத்தான் ஏற முடியாதே, அம்மா எதற்கு, அவருக்குத் தலை சுற்றுமே" என்று வீட்டுக்கு வீடு பேச்சு வரும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் வேக விளையாட்டுகளில் ஏற்றமாட்டார்கள், அது சரியான விதி. ஆனால் அலைக்குளத்தின் ஓரத்தில் காலை நனைக்க யாரும் தடை சொல்வதில்லை. பேரன் சறுக்கி வருவதைப் பார்க்கவும் ஒரு ஆள் வேண்டும். மூத்தோர் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள், குறைத்து வாங்குங்கள். வர மனமில்லாதவரை வற்புறுத்தவும் வேண்டாம். ஆனால் "உனக்கு எதுக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் நம் வீட்டுப் பெண்கள் "வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். "நீயும் வர்றியா?" என்று கேட்டுப் பாருங்கள். 12,000 போதாவிட்டால் பூங்காவைச் சிறியதாக்குங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். ஆளைக் குறைக்காதீர்கள்.

ஆக, நான் இந்தக் கூட்டத்தின் முன் வைப்பது நான்கு தீர்மானங்கள். அடுத்த ஆண்டு காலாண்டு விடுமுறையில் ஒரு வார நாள். இடம் அதிசயம், செயலாளர் விலைப்புள்ளி வாங்கிய பிறகு உறுதி செய்வோம். இந்த மாதமே விருப்பமுள்ள ஒவ்வொரு குடும்பமும் அவரவர் பெயரில், அவரவர் வங்கியில் ஆர்.டி. தொடங்குவது, சங்கம் யார் பணத்தையும் கையில் வாங்கக் கூடாது. திரும்பும் வழியில் கட்டாயம் இரவுத் தங்கல். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு வாருங்கள், நான் நிரப்பித் தருகிறேன். அந்த வேலை மட்டும் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஆர்.டி. போன வாரமே தொடங்கிவிட்டது, இரண்டு பேருக்கும் சேர்த்து. என் மனைவி அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். நைலான் துணியில் சுடிதார் தைக்க யாரிடம் கொடுக்கலாம் என்று பக்கத்தில் இருப்பவரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.